ஒரு மடிக்காக இரண்டு மொட்டை

தணிகை முருகன் துணை

திருத்தணி,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பிற்சிறந்த மகள் கவிப்பிரியாவுக்கு உன் தந்தை துரைக்கண்ணு வாழ்த்தி எழுதுவது. இங்கு உன் தாய் மணியம்மை முழு நலம். நான், தலையின் மேற்பரப்பு ஒன்று நீங்கலாக, நலம். அங்கு நார்வே நாட்டில், நாள் தவறாமல் மழை பொழியும் அந்தப் பெர்கன் நகரத்தில், நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் நனையாமலும் இருமாமலும் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் மலையை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கு ஆடி போயும் வெயில் போகவில்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. அந்த மழையில் பாதியை இங்கே அனுப்ப முடியுமானால் மாப்பிள்ளை அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லவும்.

நிற்க. சென்ற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது, வீட்டுக்குள் எதற்குத் தலையில் துண்டு என்று கேட்டாய். வெயில் என்றேன். கூரைக்குக் கீழே வெயில் எப்படி வரும் என்று நீ அடுத்த கேள்வியைத் தொடுப்பதற்குள் உன் தாய் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சிரித்து ஓய்வதற்குள் பேரன் அழுதான், நீயும் இணைப்பைத் துண்டித்துவிட்டாய். நடந்ததை முழுமையாகச் சொல்ல எனக்குக் கடிதமே ஏற்ற வழி. கடிதத்தில் உன் தாய் குறுக்கே பேச இயலாது. அன்றியும், ஆனி மாதத்தில் நீ தொலைபேசியில் என்னிடம் வைத்த கேள்விக்கும் விடை இந்தத் துண்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

பேரனுக்கு யார் மடியில் வைத்து மொட்டை அடிப்பது என்ற உன் கேள்வியை நான் மறக்கவில்லை. வருகிற தை மாதம் பேரனுக்கு மலையில் முதல் முடி இறக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும் என்பது நம் குல வழக்கம். உனக்கு உடன்பிறந்தான் இல்லை. என் தம்பி தணிகாசலத்தின் மகன் ஜெயப்பிரகாஷ் ஒருவன்தான் அந்த மடிக்கு உரியவன். ஆனால் அவனுடைய கல்யாணத்தன்றிலிருந்து எனக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. நீயோ, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்காத வரைக்கும் நான் யாரையும் கூப்பிட மாட்டேம்பா. இங்கயே சலூன்ல சுத்தற நாற்காலியில உக்கார வச்சி மிஷின் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டாய். அதைக் கேட்டது முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. முருகனுக்கு உரிய முதல் முடி, சுழலும் நாற்காலியில், மின்சாரக் கருவியில், பாட்டு ஒலிக்கும் கடையில்! கனவில் அந்த நாற்காலி சுழல்வதும், அதில் என் பேரன் முகம் ஒவ்வொரு சுற்றிலும் வந்து வந்து மறைவதுமாக இருந்தது.

நாங்கள் பேசாமல் போன காரணத்தை உன் தாய் உனக்குச் சொல்லியிருப்பாள். அது அவளுடைய கட்சி. உள்ளபடி நடந்தது இது. கனகம்மாசத்திரம் மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி. மணமகனுக்குப் பெரியப்பன் என்ற முறையில் நான் நடு வரிசையில் அமர்ந்தேன். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, இனிப்பு வைத்து, வடையும் வைத்தாயிற்று. வடையின்மேல் நான் கையை வைத்த அந்தக் கணத்தில் தம்பி பின்னால் வந்து குனிந்து, "அண்ணா, கொஞ்சம் எழுந்திரு, ஜேபி கம்பெனி மானேஜரு வந்துட்டாரு, அவரு ட்ரெயின் புடிக்கணுமாம், நீ அடுத்த பந்தியில உக்காந்துக்கோ" என்றான். நான் எழுந்தேன். எழுந்தவன் கை கழுவினேன், செருப்பைத் தேடினேன், பேருந்து ஏறினேன். கையை வைத்த வடையை அந்த மானேஜர் உண்டாரா, ஒதுக்கினாரா என்பதை இன்றுவரை யாரும் எனக்குத் தெரிவிக்கவில்லை. வழியில் பேருந்து நின்றபோது ஒரு போண்டா வாங்கி உண்டேன்; அதில் உப்பு இல்லை. வீடு திரும்பிய உன் தாய், "அவமானம்னு கிளம்பி வந்தீங்களே, போண்டா தின்னும்போது அது எங்க போச்சி?" என்று கேட்டாள். சில கேள்விகளுக்கு நம் நூல்களில் விடை இல்லை.

அதுமுதல் ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் செய்துவந்த வித்தைகளை நீ பார்த்திருக்க வேண்டும். அவன் மளிகைக்கடைக்கு வந்தால் நான் வானத்தைப் பார்ப்பேன். நான் மருந்துக்கடைக்குப் போனால் அவன் தன் வண்டியின் டயரைப் பார்ப்பான். நல்ல டயர்தான், இருந்தாலும் அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. மாதக் கிருத்திகைதோறும் மாலையில் நம் தெருக் கோயிலில் நான் ஒலிபெருக்கி வைத்து விரிவுரை செய்வதை அறிவாய். முன்பெல்லாம் தம்பிதான் முதல் வரிசையில் அமர்ந்து, பாட்டு வரும் இடங்களில் தலையாட்டுவான். பேச்சு நின்ற பிறகு கோயிலுக்கு வெளியே தூணோரம் நின்று கேட்பான். நான் கண்டுவிட்டால் டயரைப் பார்ப்பான். நானோ, நான் என்னும் எண்ணம் எப்படி மனிதனை உள்ளிருந்து அரிக்கிறது என்பதைத் தூண் வரைக்கும் கேட்கும்படி உரக்க விளக்குவேன். அவனுக்குப் புத்தி வரட்டும் என்பதே என் நோக்கம்.

பக்கத்து வீட்டு வில்சன் சாரிடம், மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரை உனக்கு நினைவிருக்கும், உன் நாற்காலிப் பேச்சைச் சொல்லி ஆற்றிக்கொண்டேன். உங்கள் பக்கம் இப்படியெல்லாம் உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர்கள் சபையில் முன் பெஞ்சு யாருக்கு என்பதில் இரண்டு குடும்பங்கள் மோதி, ஒரு குடும்பம் பல வருடமாக வாசல் படியில் உட்கார்ந்தே ஆராதனை செய்கிறதாம், மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு. "நாமெல்லாம் மண்ணால பண்ண ஆளுங்கதான் சார். ஆனா ஒவ்வொருத்தனும் தன்ன மட்டும் சந்தனத்தால பண்ணதுன்னு நெனச்சிகினு கீறான்" என்றார். அடுத்த விரிவுரையில் இந்த வாக்கியத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் வீட்டில் பயன்படுத்திப் பாருங்கள் என்றார். அவர் ஆசிரியர் வேலையை இன்னும் விடவில்லை.

இனி ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன். உன் பிரசவம் சிக்கல் என்று மருத்துவர் சொன்ன அந்த வாரத்தில், தாயும் சேயும் நலமாகப் பிரிந்தால் ஆடிக் கிருத்திகையில் முடி காணிக்கை தருகிறேன், மீசையும் உட்பட, என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மீசை கல்லூரிக் காலத்திலிருந்து என்னோடு இருப்பது. உன் தாய் மீசையில்லாத என்னைக் கண்டதே இல்லை. மலையடிவாரத்துப் பொய்கைக்கரையில் கூட்டமோ கூட்டம். காவடியும் மஞ்சள் துணியும் மேளமும் அரோகரா முழக்கமுமாக ஊரே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மொட்டை மண்டபத்தில் எனக்கு முன்னால் ஒரு காவல் அதிகாரி, அவருக்கு முன்னால் லாரி ஓட்டுநர், அவருக்கும் முன்னால் ஒரு கைக்குழந்தை. எல்லாத் தலைகளும் ஒரே கோணத்தில் கவிழ்ந்திருந்தன. என் முறை வந்ததும் நாவிதர், "தலைய குனிங்க பெரியவரே, வெறைச்சிகினு இருந்தா கீறிக்கும்" என்றார். குனிந்தேன். கண்ணாடி, செருப்பு, உலர்ந்த வேட்டி எல்லாவற்றையும் உன் தாயிடம் கொடுத்திருந்தேன். நீங்க குளிச்சி முடிங்க, நான் தேங்காய் பூ வாங்கினு வரேன் என்று அவள் போய்விட்டாள்.

பொய்கையில் மூழ்கி எழுந்து, தொன்னையில் சந்தனத்தோடு படியில் அமர்ந்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு உலகம் கரைத்த மாக்கோலம் என்பது உனக்குத் தெரியும். மொட்டை அடித்தவன் தன் தலையைத் தான் பார்த்துச் சந்தனம் பூசிக்கொள்ள முடியாது. ஆதலால் அந்தப் படிகளில் யாரும் யாரையும் பேர் ஊர் கேட்பதில்லை. பக்கத்துத் தலைக்கு நீ பூசு, உன் தலைக்கு அவன் பூசட்டும் என்பது எழுதாத விதி. என் பக்கத்தில் ஒரு மஞ்சள் வேட்டி உட்கார்ந்திருந்தது, அதன்மேல் ஈரமாக ஒரு மொட்டைத் தலை. மேளச் சத்தத்தில் பேசிப் பயனில்லை, தலையை நீட்டினேன். அந்த மனிதர் பூசத் தொடங்கினார். நிதானமான கை. உச்சிக்கு வந்ததும் சற்று நின்றது. எனக்கு உச்சியில் இரட்டைச் சுழி உண்டல்லவா, அதைப் பார்த்து எல்லாரும் நிற்பது வழக்கம்தான் என்று இருந்துவிட்டேன். பிறகு அவர் தலையை நீட்டினார், நான் பூசினேன். நெற்றி, உச்சி, பிடரி. பிடரியின் இடப்பக்கத்தில் என் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. மகளே, அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். கிணற்றடித் துவைகல்லில் விழுந்து மண்டை உடைந்த தம்பியை நைனா தோளில் போட்டுக்கொண்டு அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு ஓட, அவர் பின்னாலேயே, அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓடியவன் நான்.

தம்பிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் யார் முதலில் பேசுவது? அவன் இளையவன், அவன் பேசட்டும் என்று நான் பூசிக்கொண்டே இருந்தேன். இவன் மூத்தவன், இவன் பேசட்டும் என்று அவன் தலையை நீட்டியபடியே இருந்தான். தலை முடிந்து காதுக்குப் பூசினேன், காது முடிந்து கழுத்துக்கு வந்தேன். படித்த நூல்களில் இத்தகைய கட்டத்துக்கு ஏற்ற வரி ஏதேனும் உண்டா என்று தேடினேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தொன்னையில் சந்தனம் தீர்ந்தது. இதற்குமேல் பூசுவதற்கு அவனிடம் இடமும் இல்லை. கை கழுவும் பாவனையில் எழுந்து நீருக்குள் இறங்கினேன். நான் இருந்த இடத்துக்கு அவன் நகர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்தான். அப்போதுதான் உன் தாய் தேங்காய்ப் பையோடு வந்தாள்.

வந்தவள் நேரே தம்பியிடம் போனாள். "எங்கன்னு தேடறது உங்கள! நானும் எத்தினி மொட்டையத்தான் திருப்பித் திருப்பிப் பாக்கறது?" என்று கூவி, என் கண்ணாடியை எடுத்து அவன் மூக்கில் மாட்டிவிட்டாள். நான் இங்கே இருக்கிறேன் என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். ஆனால் அவள் அடுத்துப் பேசத் தொடங்கிய பொருளைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுவிட்டேன். "மொட்டதான் அடிச்சாச்சே, இப்பனா அந்தக் கௌரவம் எறங்கிச்சா? ஊருக்கெல்லாம் மைக்க புடிச்சிகினு நான்ங்கறது போவணும், எனதுங்கறது போவணும்னு பேசறீங்க. கூடப் பொறந்தவன் எதிர்ல வந்தா வானத்தப் பாத்துகினு போறீங்க. ராத்திரியானா தூக்கத்துல தணிகா தணிகான்னு பெனாத்தறது, காலையில கேட்டா முருகனக் கூப்டேன்னு பொய் சொல்றது. முருகன எவனாவது வண்டிய மெதுவா ஓட்டுடான்னு சொல்லிக் கூப்டுவானா? ஒரு வடைக்கு நம்ம பேரனுக்கு மடி இல்லாம பண்ணிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று, மேளம் நின்ற இடைவெளியில், ஒரு மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டாள். சுற்றியிருந்த மொட்டைகள் அனைத்தும் தம்பியைப் பார்த்தன. அவன் மெதுவாக, "அண்ணி, இது நானுங்க. தணிகாசலம்" என்றான். உன் தாய் ஒரு கணம்தான் நின்றாள். "ஆங், ஒனக்கும் அதேதான், கேட்டுக்கோ" என்றாள். "கண்ணாடி பவரு எனக்கும் சரியாத்தான் கீது அண்ணி, இன்னா, கொஞ்சம் ஈரமா கீது" என்று அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணாடி நனைந்ததற்குப் பொய்கை காரணமில்லை.

நான் கரையேறி, தட்டுத் தடுமாறி அவன் பக்கத்தில் அமர்ந்தேன். எங்கள் பேச்சு நின்ற நாள் தொட்டு அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அண்ணா, கொஞ்சம் எழுந்திரு." கனகம்மாசத்திரத்து மண்டபமும் இலையும் வடையும் கண் முன்னே வந்து நின்றன. அதற்குள் அவனே, "என் காஞ்ச வேட்டி மேல உக்காந்துகினு கீறே" என்றான். எழுந்தேன். என் ஈரம் முழுதும் அந்த வேட்டியில் இருந்தது. யார் முதலில் சிரித்தது என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. உன் தாய்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ படித்துவிட்டுச் சற்று நேரம் வைத்திருந்து மறுபடியும் படி. "அன்னிக்கு அந்தப் பந்தியில யாருண்ணா இருந்தாங்க? சம்மந்தி ஆளுங்க. அவங்கள எழுப்ப முடியுமா? ஆர்.கே.பேட்டை சொந்தக்காரங்கள எழுப்புனா அங்கயே பஞ்சாயத்து வெச்சிடுவாங்க. எனக்கு உரிமையா எழுந்திருன்னு சொல்றதுக்கு ஒன்ன வுட்டா யாருண்ணா கீறாங்க அந்த மண்டபத்துல?" நான் இத்தனை காலமாக அந்த இலையை விட்டு என்னை வெளியே தள்ளினான் என்றே நினைத்திருந்தேன். எழுப்பியது, நான் அவனுக்கு உள்ளே இருந்த காரணத்தால். அயலானை நாம் உபசரிக்கிறோம், நம்மவனை எழுப்புகிறோம். எழுப்பப்பட்டவன் அயலானுக்கு நடந்த உபசாரத்தைப் பார்த்துப் பொருமுகிறான். மனித குலம் முழுவதும் இப்படித்தான் ஒன்றையொன்று தவறாகப் படித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை அங்கேயே சற்று விரித்துரைக்கத் தொடங்கினேன். உன் தாய் தேங்காயை என் கையில் கொடுத்து, அந்தப் பேச்சை அடுத்த கிருத்திகைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

கேட்க வேண்டிய ஒன்று மிச்சம் இருந்தது. நீ எதற்காக மொட்டை அடித்தாய் என்று தம்பியைக் கேட்டேன். அவன் டயரைத் தேடினான். பொய்கையில் டயர் ஏது? "நம்ம பாப்பாவுக்குப் பிரசவம் கஷ்டம்னு அண்ணி போன்ல அழுதாங்களாம், வூட்டுல சொன்னாங்க. அப்ப வேண்டிகினேன்" என்றான். கவிப்பிரியா, உன் ஒருத்தியின் பிரசவத்துக்கு முருகனிடம் இரண்டு விண்ணப்பங்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், அடுத்தடுத்த தெருவிலிருந்து போயிருக்கின்றன. உண்மையைச் சொல்வதானால் முதலில் எனக்குச் சிறிது பொறாமையாக இருந்தது. என் வேண்டுதலால்தான் நீ பிழைத்தாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். முருகன் யாருடைய மனுவை முதலில் பார்த்திருப்பான் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். தம்பி சிரிக்காமல், "நீதான் பெரியவன், ஒன்துதாண்ணா" என்றான். விட்டுக்கொடுத்துப் பேசுகிறவனிடம் தோற்பது எவ்வளவு சுலபம் என்பதை அன்று கண்டேன்.

ஆகவே துண்டின் கதை இவ்வளவே. முடி இப்போது உப்புத்தாள் பதத்துக்கு வளர்ந்திருக்கிறது. மீசையில்லாத முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உன் தாய்க்குச் சிரிப்பு வருகிறது. நாற்பது ஆண்டு கூட வாழ்ந்தவளுக்கு உண்மையிலேயே அன்று ஆள் தெரியவில்லையா என்று பலமுறை கேட்டுவிட்டேன். ஒருநாள், "மொட்ட அடிச்சா எல்லா ஆம்பளையும் ஒண்ணுதாங்க" என்கிறாள். மறுநாள், "தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லியிருப்பேன்" என்கிறாள். உன் சித்தியோ எப்போது பார்த்தாலும் உன் தாயோடு கண்ணால் பேசிக்கொள்கிறாள். நான் விசாரணையைக் கைவிட்டுவிட்டேன்.

ஜெயப்பிரகாஷ் நேற்று வந்திருந்தான். மடி தரச் சம்மதம். ஒத்திகைக்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துப் பார்த்தானாம், அது தன் பங்கைச் செய்துவிட்டதாம், வேறு கால்சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். மடி கொடுக்கிறவனும் மொட்டை அடிக்க வேண்டுமா என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டான். நெற்றியில் விழும் அந்த முடியை அவன் எவ்வளவு போற்றி வளர்க்கிறான் என்பது உனக்குத் தெரியும். வேண்டியதில்லை என்றேன். கட்டாயம் அடிக்க வேண்டும் என்று உள்ளிருந்து உன் தாய் சொன்னாள். பையன் அன்று இரவு சாப்பிடவில்லையாம். நீ பேசும்போது அவன் அச்சத்தைப் போக்கு. அவனை நீயே உன் வாயால் அழைக்க வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வழியில்லாத தூரம், ஆகையால் குரலில் அந்த மரியாதை இருக்கட்டும். சித்தப்பாவிடம் முதலில் பேசு, பிறகு அவனிடம். நாற்காலி விஷயத்தை யாரிடமும் சொல்லாதே.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாளில் வெளியே எடுத்துச் செல்லாதே. மாப்பிள்ளை மழையில் மிதிவண்டியில் போவதை நிறுத்தச் சொன்னேன் என்று சொல். விமானச் சீட்டு உறுதியானதும் எழுது; வில்சன் சாரும் விருந்துக்கு வருகிறார், குடும்பத்தோடு. தம்பி இப்போதே மண்டபம் பார்த்துவிட்டான். கூட்டம் அதிகமாகும் என்கிறான். அன்று முதல் பந்தியில் உன் மாமியார் வீட்டாரோ, மாப்பிள்ளையின் நண்பர்களோ இடமில்லாமல் நின்றால் நீ கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம். இலையில் வடை விழுந்திருந்தாலும் சரி, கை அதன்மேல் இருந்தாலும் சரி, நேரே என்னிடம் வந்து எழுந்திரு அப்பா என்று சொல்.

எல்லா நலமும் பெற்று, குன்றின்மேல் நிற்பவன் நிழலில் நீங்கள் மூவரும் நீடு வாழ்க.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் தந்தை,
துரைக்கண்ணு